ஒரே தட்டில் ஐந்து பேர்! எத்தியோப்பியா ஓட்டலில் நம்ம ஊர் வாத்தியார்

முலுண்டில் எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் "வாத்தியார் சார்". எந்த ஊரில் வாத்தியாராக இருந்தீர்கள் என்று கேட்டால், "அடிஸ் அபாபா" என்பார்.

பேரரசர் ஹெயிலி செலாசி காலத்தில், எத்தியோப்பியப் பள்ளிகளில் பாடம் நடத்த இந்தியாவில் இருந்து ஏராளமான ஆசிரியர்கள் போனார்கள். நம் வாத்தியார் போனது 1971-ல். அங்கே முதன்முதலாக ஓட்டலில் சாப்பிட்ட கதையைப் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

தட்டு நிறைய தோசை

"முதல் சம்பளம் வாங்கிய அன்று, கூட வேலை பார்த்த நாலு பேர் அழைத்துப் போனார்கள், தம்பி. கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஒரு பெரிய தட்டு வந்தது. தட்டு நிறைய ஒரே தோசை!"

அதன் பெயர் இஞ்சரா. கடுகைவிடச் சிறிய டெஃப் என்னும் தானியத்தை மாவாக்கி, கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகன்ற கல்லில் ஊற்றுகிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேலெல்லாம் ஆப்பம் போலக் கண் கண்ணாக இருக்கும். அதன் மேலேயே காரக் குழம்புகளை வைத்துவிடுகிறார்கள்.

"சைவம் கிடைத்ததா, சார்?"

"அன்று வெள்ளிக்கிழமை. புதனும் வெள்ளியும் அந்த நாட்டுப் பழைய கிறிஸ்தவ சபையினருக்கு விரதம். கறி, முட்டை, பால் தொடமாட்டார்கள். மசூர் பருப்பும் கடலை மாவுக் குழம்பும்தான்."

தனிக் குவளை

கரண்டி கிடையாது. ஐந்து பேருக்கும் தட்டு ஒன்றே. வாத்தியாருக்குக் கை நீளவில்லை.

"எங்கள் கிராமத்து வீட்டில் வேலையாட்களுக்குத் தனிக் குவளை. திண்ணையைத் தாண்ட அப்பா விடமாட்டார். எச்சில் பார்த்தே வளர்ந்த பிள்ளை நான்."

பக்கத்தில் இருந்தவர் ஒரு துண்டு இஞ்சராவில் பருப்பைச் சுருட்டி, வாத்தியாரின் வாயருகே நீட்டினார். "குர்ஷா" என்று இதற்குப் பெயர். தன் கையால் அடுத்தவருக்கு ஊட்டுவது அங்கே அன்பின் அடையாளம். மறுத்தால் மனம் நோகும்.

"வாயைத் திறந்தேன். அந்தக் கவளத்தை விழுங்கும்போது எங்கள் வீட்டுக் குவளை ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, தம்பி."

1974-ல் ராணுவம் பேரரசரைப் பதவியில் இருந்து இறக்கியது. உயிருக்குப் பயந்து பலர் வெளிநாடு போனார்கள். வாஷிங்டனிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் இஞ்சரா ஓட்டல்கள் முளைத்தன. லாஸ் ஏஞ்சல்சில் அந்தக் கடைகள் உள்ள பகுதிக்கு 2002-ல் "லிட்டில் எத்தியோப்பியா" என்றே பெயர் வைத்தார்கள். 1942-ல் மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே ராமா நாயக் போர்டிங் திறந்த நாள் முதல், சாப்பாட்டைத் தேடி வரிசையில் நிற்கும் நமக்கு இது புரியாதா?

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி அடை கொண்டுவந்தார். ஒரே தட்டு. வாத்தியார் ஒரு துண்டு பிய்த்து, சட்னியில் தோய்த்து, என் வாயருகே நீட்டினார்.

"குர்ஷா" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.