பழவேற்காட்டுக் கைலியும் சாயவேரும்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் பலர் அணிந்து பள்ளிவாசலுக்குச் செல்லும் கட்டமிட்ட கைலிக்கு, மலாய் மொழியில் 'காயின் பெலெக்காட்' என்று பெயர். 'காயின்' என்பது துணி. 'பெலெக்காட்' என்பது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. ஊரின் பெயர் கடல் கடந்து நிலைத்துவிட்டது. ஆனால் அக்காலத் துணிக்கு நிறமளித்த செடிகளையும், அவற்றைப் பயிரிட்டும் தோண்டியும் வாழ்ந்தவர்களையும் நினைப்பார் இலர்.

டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் வணிக உரிமை பெற்று, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை அமைத்தனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. அவர்கள் வருமுன்பே, முஸ்லிம் வணிகரும் பிறரும் இவ்வூர்த் துணிகளை மலாக்காவுக்குக் கொண்டு சென்றிருந்தனர்.

சோழமண்டலத் துணிகளின் சிவப்புக்குக் காரணம் சாயவேர் என்னும் சிறுசெடி. சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என்பர். கடற்கரை மணலில் வளரும் இதன் மெல்லிய வேர் முதிர இரண்டாண்டுகள் ஆகும். இலங்கையின் வடபகுதியில் இவ்வேரைத் தோண்டும் உரிமையே டச்சு ஆட்சிக்கு ஒரு வருவாயினமாக இருந்தது.

வேரை வேகவைத்து அந்நீரில் துணியை நனைத்தால் மட்டும் சாயம் நிலைக்காது. சித்திரத் துணியாயின், முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, தீட்டும் கரைசல் பரவாமல் தடுக்கும். பின்னர் படிகாரக் கரைசலால் கோலம் தீட்டி, சாயவேர் நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவக்கும். நிறத்தை நூலோடு பிணைப்பது படிகாரமே.

நீலம் அவுரியிலிருந்து கிடைத்தது. இலையை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் காற்றுப்பட அடித்தால் நீலம் அடியில் படியும். வடமொழி 'நீல' என்பதே அரபியில் 'நீல்' ஆயிற்று. அது 'அல்' என்னும் சுட்டிடைச்சொல்லுடன் சேர்ந்து 'அந்நீல்' என ஒலிக்க, போர்த்துக்கேயர் 'அனில்' என்றனர். அவுரி நீலத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ஐரோப்பிய வேதியியலார் 'அனிலின்' எனப் பெயரிட்டனர். 1856இல் பெர்கின் கண்ட செயற்கைச் சாயம் அந்த அனிலினிலிருந்தே பிறந்தது. செடியை வீழ்த்திய பொருள் செடியின் பெயரையே சுமந்து வந்தது!

1868இல் ஜெர்மானிய வேதியியலார் அலிசரின் என்னும் சிவப்பைச் செயற்கையாக ஆக்கினர். 1897இல் ஆலை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேரின் முதன்மை நிறப்பொருளும் அதே அலிசரின்தான். ஆலைநீலமும் அவுரிநீலமும் வேதியியலில் ஒரே பொருளே. ஆகவே, செடியின் நிறத்தில் ஏதோ தனித் தன்மை உண்டு என்று மட்டும் வாதிடுவது போதாது. சாயம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, அதன் கழிவு எங்கே செல்கிறது, யார் அதனால் வாழ்கிறார் என்பனவே உண்மையான வினாக்கள்.

சாயக்கழிவு நொய்யல் ஆற்றைப் பாழாக்கியதால், 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆரணியாறு சென்று கலப்பது பழவேற்காட்டு ஏரியில். மீனவர் பல்லாயிரவரின் வாழ்வு அவ்வேரியை நம்பியுள்ளது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகள் அருகிலுள்ள இப்பகுதிக்குத் திருப்பூர் தரும் படிப்பினை சிறிதன்று.

இன்று திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிராகிறது. அது மண்ணில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பயிர். சாறு நீங்கிய தழையும் எருவாகும். ஆரோவில்லில் 1993 முதல் இயங்கும் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' போன்ற பட்டறைகள் அவுரிச் சாயத் தொட்டிகளைப் பேணுகின்றன.

எனினும் 'இயற்கை' என்னும் சொல் தானே தூய்மையாகிவிடாது. நிறம் நிலைக்க மயில்துத்தத்தையோ குரோமிய உப்பையோ சேர்த்தால் அக்கழிவும் நஞ்சே. சாயவேரை வளர்வதினும் விரைவாகத் தோண்டினால் செடியும் அழியும். விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது நம் வணிக ஒழுக்கத்தின் முதற்பாடம். என்ன சேர்த்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, பயிரிட்டவனுக்கு உரிய விலை தந்து விற்கப்படும் துணியே இயற்கைச் சாயத் துணி என்னும் பெயருக்குத் தகுதியுடையது.