சாவி கொடுக்கும் வாட்ச்: யார் கையில் கொடுப்பது?

பீரோவில் பல வருடங்களாகக் கிடக்கும் எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துச் சாவி கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். ஓடுகிறதே என்று தினமும் கையில் கட்ட ஆரம்பித்தால்தான் கேடு.

சாவி கொடுக்கும்போது ஒரு சிறு உருளைக்குள் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியத் துடிக்கும் விசை பற்சக்கரங்கள் வழியாகப் பேலன்ஸ் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. முடி போன்ற ஹேர் ஸ்பிரிங் பிடித்து இழுக்க, பேலன்ஸ் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சக்கரங்கள் ஒரு துளி நகர்ந்து நிற்கும். நம் காதில் விழும் டிக் அதுதான். ஜனதாவில் மணிக்கு 18,000 டிக், ஒரு நாளைக்கு 4,32,000. நாளொன்றுக்கு அரை நிமிடம் தவறினால்கூட, பிழை ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்குதான்.

இத்தனை ஆட்டத்தையும் தாங்குபவை அச்சுகளின் ஊசிமுனைகள். அவை சுழல்வது செயற்கை மாணிக்கக் கற்களில் போட்ட துளைகளில். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருப்பது இவற்றின் கணக்கு. நகைக்கடை மதிப்பு எதுவும் கிடையாது, தேய்மானம் குறையத்தான் வைத்தார்கள். கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் இருக்க வேண்டும். வருடங்கள் போகப்போக அது வற்றிப் பிசினாகிறது. தூசியும் சேர்ந்துகொண்டால் உப்புத்தாள் மாதிரி அச்சைத் தேய்க்கும். எண்ணெய் வற்றிய வாட்சை நிற்காமல் ஓடவிடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

சரி, யாரிடம் கொண்டுபோவது? சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்கு வெகு முன்பே, 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை நாடெங்கும் அனுப்பிவிட்டது. குவார்ட்ஸுக்குப் பேட்டரி மாற்றத் தெரிந்தால் போதும். அதனால் பஸ் நிலையத்து வாட்ச் கடைகள் இன்றும் இருக்கின்றன, ஹேர் ஸ்பிரிங்கைத் தொடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய வாட்ச் சேகரிப்பவர்களைக் கேட்பது நல்ல வழி.

கடைக்குப் போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “மெஷினை முழுசாப் பிரிச்சுச் சுத்தம் பண்ணுவீங்களா?” மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். பழைய பிசின் கல்துளையில் அப்படியே இருக்கும். முறையான சர்வீஸில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்ட வேண்டும். எண்ணெயும் ஒரே வகை கிடையாது. மெதுவாகச் சுழலும் சக்கரங்களுக்குக் கெட்டியானது, பேலன்ஸுக்கு மிக மெல்லியது, சில இடங்களில் விடவே கூடாது. இதைச் சொல்லத் தெரிந்தவர் விலை கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். அரை நாள் வேலை அது.

டைம்கிராஃபர் என்ற கருவி இருக்கிறதா என்று பாருங்கள். டிக் ஓசையைக் கேட்டே, வாட்ச் எவ்வளவு முந்துகிறது, பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்று காட்டும். சர்வீஸ் முடிந்து முழுச் சாவி கொடுத்த வாட்சைப் படுக்கவைத்தால் இந்த வீச்சு 270 டிகிரிக்கு அக்கம்பக்கம் வர வேண்டும். இருநூறைத் தாண்டவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கடைக்காரரின் நேர்மையைச் சோதிக்க வேறொரு வழியும் இருக்கிறது. நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், ஹேர் ஸ்பிரிங் காந்தமேறிச் சுருள்கள் ஒட்டியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடி வேலை. அதற்கு முழு சர்வீஸ் பில் போடுபவரை விட்டுவிடுங்கள். டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பவரையும்தான். மங்கிய அசல் டயலுக்கு இருக்கும் மதிப்பு பளபளக்கும் புது டயலுக்குக் கிடையாது.

கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, டயலையும் மெஷினையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் எடுத்துத் தருபவரிடம் வீட்டிலிருக்கும் அடுத்த வாட்சையும் நம்பிக் கொடுக்கலாம்.