ஒற்றன் விளையாட்டும் ஒற்றன் படமும்

வேவு பார்ப்பவனுக்குரிய இயல்புகள் யாவை என்று வள்ளுவரைக் கேட்போமாயின், 'ஒற்றாடல்' என்னும் அதிகாரத்தில் அவர் வாளைப் பற்றியோ வில்லைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறக் காணோம். பிறர் ஐயுறாத தோற்றம், எவர் முறைத்து நோக்கினும் அஞ்சாத கண், உள்ளத்தில் உள்ளதை உமிழாத வாய், இவையே அவர் வேண்டுவன. துறவி வேடம் பூண்டும் செல்லலாம் என்று அவர் கூறுவதைப் படிக்கும்போது எம்மனோர் சற்று நெளிய வேண்டியிருக்கிறது, அது போகட்டும். ஒற்றன் என்பவன் போர்வீரன் அல்லன், மறைந்திருப்பவன், காத்திருப்பவன். இவ்வுண்மையை நம் காலத்தில் திரைப்படம் எடுப்போரைவிட வீடியோ விளையாட்டுகளை ஆக்கியோர் நன்கு உணர்ந்திருக்கின்றனர் என்று சொன்னால் வாசகர்கள் நம்புவார்களோ, அறியோம். நாமே அண்மையில்தான் நம்பினோம்.

பெற்றோர் பலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. "பிள்ளை நாள் முழுவதும் அந்த விளையாட்டில் ஆளைச் சுட்டுக்கொண்டிருக்கிறான், சாமி. அதற்கு ஒரு சினிமாப் பார்த்தாலும் தேவலை" என்பார்கள். நாமும் நெடுநாள் தலையசைத்தே வந்தோம். படம் பார்ப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். விளையாடுபவனோ தன் விரலால் சுடுகிறான். ஆகவே முன்னதினும் பின்னது கேடு என்பது எளிய கணக்கு. நம் பங்கின் இளைஞர் ஒருவர் சென்ற விடுமுறையில் கன்ட்ரோலர் என்னும் கைக்கருவியை நம்மிடமே கொடுத்து, "நீங்களே ஒருமுறை ஆடிப் பாருங்கள்" என்றார். ஐம்பதைக் கடந்த விரல்களுக்கு அது எளிதாக இல்லை. முதற்காவலனிடமே மூன்று முறை பிடிபட்டோம். நான்காம் முறை, புல்லுக்குள் குப்புறப் படுத்து, அவன் கடந்து போகும்வரை அசையாதிருந்தோம். அந்த அரை நிமிடம் நாம் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தோம் என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். சுடவேயில்லை.

இவ்வகை விளையாட்டு பிறந்த கதை சுவையானது. 1987ஆம் ஆண்டு ஜப்பானில் கொனாமி என்னும் நிறுவனத்தில் ஹிடியோ கோஜிமா என்ற இளைஞரிடம் ஒரு போர் விளையாட்டை ஆக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. எம்.எஸ்.எக்ஸ். 2 என்ற அக்கால வீட்டுக் கணினிக்குப் பல வீரர்களையும் பல குண்டுகளையும் ஒரே வேளையில் திரையில் காட்டும் ஆற்றல் இல்லை. படை மோதும் போரைக் காட்ட முடியாதெனில், பகைவர் கண்ணில் படாமல் நழுவுவதையே விளையாட்டாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். போர்க் கைதிகள் செருமானிய முகாமிலிருந்து தப்பிச் செல்வதைக் கூறும் 'தி கிரேட் எஸ்கேப்' என்ற 1963ஆம் ஆண்டுப் படம் அவர் மனத்தில் இருந்தது. இவ்வாறு உருவானதே 'மெட்டல் கியர்'. கருவியின் ஏழ்மையும் ஒரு பழைய படத்தின் நினைவும் சேர்ந்து ஈன்ற பிள்ளை எனலாம். 1998இல் 'மெட்டல் கியர் சாலிட்' என்ற பெயரில் அது புதுவடிவு பெற்றபோது உலகெங்கும் பரவியது.

2002இல் வந்த 'ஸ்பிளின்டர் செல்' அதே வழியில் இன்னும் ஒரு படி சென்றது. அதில் ஆடுபவன் எவ்வளவு இருளில் இருக்கிறான், எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறான் என்பதைக் காட்டும் அளவுகோல் ஒன்று திரையில் எப்போதும் இருந்தது. குறி பார்ப்பதைவிட விளக்கை அணைப்பதே அங்கு பெரிய கலை. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யின் தலைமையகத்தினுள் நுழையும் கட்டத்தில் எவரையும் கொல்லக் கூடாது என்பது கட்டளை. கொன்றால் ஆட்டம் முடிந்தது.

இத்தகைய விளையாட்டுகளைப் படமாக்க அமெரிக்கத் திரையுலகம் கால் நூற்றாண்டாக முயன்று வருகிறது. பலன் என்ன? 'ஸ்பிளின்டர் செல்' படத்தில் டாம் ஹார்டி நடிப்பார் என்று 2012இல் அறிவித்தார்கள். இயக்குநரைத் தேடினார்கள், திரைக்கதையை எழுதினார்கள், மீண்டும் எழுதினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024இல், திரைக்கதையும் செலவுக் கணக்கும் சரிப்பட்டு வராமையால் அது கைவிடப்பட்டதாகத் தயாரிப்பாளரே தெரிவித்தார். கடைசியில் 2025 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் எட்டுப் பகுதிகள் கொண்ட ஓவியத் தொடராக அதை வெளியிட்டது. 'மெட்டல் கியர்' படம் எடுக்கப்படும் என்ற செய்தியும் 2012இலேயே வந்தது. ஜோர்டன் வோக்ட்-ராபர்ட்ஸ் என்ற இயக்குநர் பல்லாண்டு அதனோடு உழன்றார். 2020 இறுதியில் ஆஸ்கர் ஐசக் நாயகனாக நடிப்பார் என்றார்கள். 2025 முடியும் வரை ஓர் அடிப் படமும் நம் கண்ணுக்கு வரவில்லை.

எடுத்து முடிக்கப்பட்டவற்றின் கதியோ வேறு. டென்மார்க்கைச் சேர்ந்த ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹிட்மேன்' விளையாட்டின் நாயகன், கூலிக்குக் கொல்பவன். 47 என்ற எண்ணே அவன் பெயர். ஒற்றனுக்கும் இவனுக்கும் தொழிலில் வேற்றுமை உண்டு, வழியில் இல்லை. சமையற்காரன் உடையிலும் பணியாள் உடையிலும் கூட்டத்தில் கலந்து, மணிக்கணக்கில் நோட்டமிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியேறுவதே அவன் திறம். வழியில் நிற்பவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளி வேலையை முடிப்பவனுக்கு விளையாட்டு உயர்ந்த மதிப்பெண் தருவதில்லை. 2007இல் டிமதி ஒலிஃபன்ட்டையும் 2015இல் ரூபர்ட் ஃபிரண்டையும் நாயகராக்கி எடுத்த இரு படங்களும் செய்தது என்ன? இரு கைகளிலும் துப்பாக்கி, உடையும் கண்ணாடிகள், சரியும் பிணங்கள். விளையாட்டு எதைக் குறை என்று மதிப்பிட்டதோ அதையே படம் பெருமை என்று காட்டிற்று. முதற்படம் உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஈட்டியதால், தவறு செய்தோம் என்று எவரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

இதில் நமக்குத் தனிப்பட்ட மனக்குறை ஒன்றும் உண்டு. 2002இல் வந்த இரண்டாம் 'ஹிட்மேன்' விளையாட்டில், அக்கொலைஞன் தன் தொழிலை விட்டு, சிசிலித் தீவின் கோவில் ஒன்றில் தோட்டக்காரனாக வேலை செய்கிறான். அங்குள்ள விட்டோரியோ என்னும் குருவானவரிடம் தன் குற்றங்களை அறிக்கையிட வருகிறான். அக்குருவைக் கயவர் கடத்திச் செல்ல, அவரை மீட்பதற்காக, விட்டுவந்த தொழிலுக்கே அவன் திரும்புகிறான். நல்லவர் ஒருவரைக் காக்கத் தீய தொழிலை மீண்டும் மேற்கொள்வது தகுமா? விளையாட்டுக் கடையில் விற்ற பொருளில் இவ்வளவு பெரிய கேள்வி இருந்தது. படமெடுத்தவர்கள் இருவரும் அக்கிழவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

காத்திருப்பதைப் படமாக்க முடியாது, பார்ப்பவர் எழுந்து போய்விடுவர் என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். அது பொருந்தாது. 1996இல் பிரையன் டி பால்மா இயக்கிய 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில், அதே சி.ஐ.ஏ. தலைமையகத்தின் காப்பறைக்குள் டாம் குரூஸ் கயிற்றில் தொங்கியபடி இறங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இசை இல்லை, பேச்சு இல்லை, வெடி இல்லை. கண்ணாடியில் வழியும் ஒரு துளி வியர்வை தரையில் விழுந்தால் எல்லாம் கெட்டது. அந்த ஒரு துளிக்காகத் திரையரங்கு முழுவதும் அடங்கிக் கிடந்தது. ஆகவே திரைக்கு அந்த ஆற்றல் உண்டு. விளையாட்டுப் பெயரை விலைக்கு வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்பதே குற்றச்சாட்டு.

மறுதிசையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியையும் கூறியாக வேண்டும். ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டன் ஐ' 1995இல் வந்தது. அதனை இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் விளையாட்டாக்கி 1997இல் வெளியிட்டது. மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் பணிபுரிந்தவர்களுள் பெரும்பாலோர் இத்துறைக்குப் புதியவர்கள். 80 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஆட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது, நின்டெண்டோ நிறுவனத்தின் புகழ்பெற்ற படைப்பாளியும் 'மாரியோ'வின் தந்தையுமான ஷிகெரு மியாமோட்டோவிடமிருந்து ஒரு தொலைநகல் வந்ததாம். நெருங்கி நின்று கொல்வது மிகுதியாக உள்ளது, சற்றுக் கொடூரமாக இருக்கிறது என்று குறிப்பிட்ட அவர், ஆட்டம் முடிந்தபின் பாண்ட் மருத்துவமனைக்குச் சென்று தான் சுட்ட பகைவர் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினால் நன்றாயிருக்குமே என்று கருத்துக் கூறியிருந்தாராம். 2015இல் ஹாலிஸே ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னார். கூட்டத்தார் சிரித்திருப்பர், நாமும் படித்தவுடன் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பாண்ட் படங்களில் விழுந்த அத்தனை பெயரற்ற காவலர்களுள் ஒருவனையாவது மருத்துவமனையில் போய்ப் பார்க்கலாம் என்று எந்தப் படக்காரருக்குத் தோன்றியது? ஹாலிஸ் அந்தக் கருத்தை அப்படியே ஏற்கவில்லை. ஆயினும் இறந்தவர் உட்பட எல்லாப் பாத்திரங்களையும் படத்தின் முடிவில் நடிகர்களை அறிமுகப்படுத்துவது போல் காட்டி, இது நடிப்பே என்று நினைவூட்டி ஆட்டத்தை முடித்தார்.

இனி, நம் எண்ணத்தையே மாற்றிய விளையாட்டுக்கு வருவோம். அது 2004இல் கோஜிமா ஆக்கி, 2025இல் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ள 'மெட்டல் கியர் சாலிட்' மூன்றாம் பகுதி. காலம் 1964, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பனிப்போரில் நின்ற நேரம். ஸ்நேக் என்னும் ஒற்றன் ரஷ்யக் காட்டுக்குள் அனுப்பப்படுகிறான். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து ஆளாக்கிய ஆசிரியை, 'பாஸ்' என்று மட்டுமே அழைக்கப்படுபவள், நாட்டைக் காட்டிக்கொடுத்துப் பகைவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். அவளைக் கொல்வதே அவனுக்கு இட்ட பணி.

இடையில் ஓர் ஆறு வருகிறது. பாதித் தூரம் கடந்த நிலையில், இறந்துபோன ஒருவனின் ஆவி வழிகாட்ட, ஒற்றன் மங்கலான அந்த நீரில் எதிர்த்து நடக்கிறான். எதிரே வருகிறவர்கள் யார்? அதுவரை இந்த ஆட்டத்தில் ஆடுபவன் கொன்றவர்கள். ஒவ்வொருவனும் தான் மாண்ட விதத்தைத் தாங்கி, முனகிக்கொண்டு வருகிறான். கண்டபடி சுட்டு வந்தவனுக்கு அந்த ஆறு முடிவே இல்லாததுபோல் நீள்கிறது. மறைந்தும் விலகியும் வந்தவனுக்கோ ஆறு ஏறக்குறைய வெறுமையாய்க் கிடக்கிறது. எவருக்கும் பொதுவான ஆறு அன்று. அவனவனுக்கு அவனவன் ஆறு. நம் இளைஞர் அதைக் கடக்க நெடுநேரம் ஆயிற்று. அருகில் அமர்ந்திருந்த நம்மை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கு நம் ஊர்ப் பெரியவர்களின் சொல்லில் 'ஆத்தும சோதனை' என்று பெயர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும்.

இந்த ஆற்றை ஓர் இயக்குநர் எவ்வாறு படமாக்குவார்? நீரையும் மூடுபனியையும் ஆவிகளையும் காட்டலாம். இன்று கணினி வேலைக்காரர்களுக்கு அது பெரிதன்று. ஆனால் அவை எல்லாம் நாயகன் கொன்றவர்களின் ஆவிகள். இருக்கையில் இருப்பவருக்கு அவர்களோடு வழக்கு ஒன்றுமில்லை. அவர் யாரையும் கொல்லவில்லை, யாரையும் விட்டுவைக்கவுமில்லை. பரிதாபப்படலாம்; வெட்கப்பட இயலாது. நம் எளிய கணக்கு இங்கேதான் பிழைத்தது. தன் விரலால் சுட்டவன் என்பதாலேயே, விளையாடியவனிடம் கணக்குக் கேட்க முடிகிறது. நூறு பேர் மடியும் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடிப்பவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

எல்லா விளையாட்டும் இவ்வாறு கணக்குக் கேட்கிறது என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலானவை கேட்பதில்லை, அவற்றைக் குறித்துப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்த மூன்றாம் பகுதியையே கொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம். ஆனால் "படமாயிருந்தால் தேவலை" என்று இனிச் சொல்ல நமக்கு நா எழாது.

ஆட்டத்தின் முடிவைக் கூறிவிடுகிறோம். ஆட எண்ணியிருப்போர் பொறுத்தருள்க. வெண்மலர் பூத்த பெருவெளியில் மாணவனும் ஆசிரியையும் மோதுகிறார்கள். அவள் வீழ்கிறாள். உண்மையில் அவள் துரோகி அல்லள். தன் அரசு இட்ட கட்டளையின்படியே துரோகிபோல் நடித்தவள். அந்த அரசே தன்னைக் காத்துக்கொள்ள அவளைப் பலியிட முடிவு செய்தது. வரலாறு அவளைத் துரோகி என்றே எழுதும் என்பதையும் அறிந்தே அவள் கீழ்ப்படிந்தாள். ஒற்றன் இதையெல்லாம் பின்னரே அறிகிறான். இப்போது அவன் துப்பாக்கி அவளை நோக்கி நிற்கிறது. அதுவரை படம்போல் தானாக ஓடிய காட்சி இங்கே நின்றுவிடுகிறது. காற்றில் மலர்கள் ஆடுகின்றன. வேறொன்றும் நிகழ்வதில்லை.

இளைஞர் கருவியை நம் கையில் கொடுத்திருந்தார். ஏதோ பழுதாகிவிட்டது என்று எண்ணி நாம் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டும், சாமி. அழுத்தும் வரைக்கும் கதை நகராது" என்றார்.

நாம் கருவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அவரும் உடனே அழுத்தவில்லை.