எல்லையில் நிற்கும் இளவரசி

அரசனுக்கு ஏழாவதாகவும் பெண்ணே பிறந்தது. ஆண்மகவை எதிர்பார்த்திருந்த அவன் சினந்து, குழந்தையைப் பெட்டியிலிட்டு நீரில் விடுமாறு பணித்தான். முதியோர் இருவர் அவளை எடுத்து வளர்த்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின் பெற்றோர் தீரா நோயுற்றனர். மறுவுலகிலிருந்து உயிர்நீர் கொணர மூத்த மகளிர் அறுவரும் மறுத்தனர், எறியப்பட்டவளே சென்றாள். அவள் மீள்வதற்குள் பெற்றோர் இறந்திருந்தனர்; உயிர்நீரால் அவர்களை எழுப்பினாள். நாட்டில் பாதியைத் தருவதாக அரசன் கூறியும் ஏற்காது, இறந்தோர்க்கு வழிகாட்டும் தெய்வமானாள். கொரியச் சாமியாடிகள் இறப்புச் சடங்குகளில் பாடிவரும் பாரி இளவரசியின் கதை இது.

இக்கதையைத் தம் கலைக்குள் கொணர்ந்தவர் ஜேன் ஜின் கைசன். தென்கொரியாவின் ஜேஜு தீவில் 1980இல் பிறந்து, அவ்வாண்டிலேயே டென்மார்க்கிற்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். கொரியப் போருக்குப் பின் ஏறத்தாழ 2 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலத் துயரே இதற்குக் காரணம் என நாம் எண்ணக்கூடும். ஆயின் நாடு தொழில்வளம் பெற்றுவந்த 1980களில்தான் அவ்வெண்ணிக்கை உச்சத்தை எட்டியது. பெற்றோர் உயிருடன் இருந்தும் ஆவணங்களில் அனாதைகளாகப் பதியப்பட்ட குழந்தைகளும் உண்டு.

காணொளி, ஒளிப்படம், நிகழ்த்துகலை, எழுத்து எனப் பல ஊடகங்களில் இயங்கும் கைசன், தத்தெடுப்பை ஒரு குடும்பத்தின் தனிச் செய்தியாகக் காண மறுக்கிறார். தம்மைப் போன்றே தத்துக் கொடுக்கப்பட்ட கொரியர்களுடன் 'யூஃபோலேப்' என்னும் கலைக்குழுவில் இணைந்து செயற்பட்டார். 'அடையாளம் அறியப்படாத அயற்பொருள்' என்பதே அப்பெயரின் உட்பொருள். எள்ளலும் வலியும் அதில் ஒருங்கே உள்ளன. 2010இல் வெளிவந்த 'பெண், அனாதை, புலி' என்னும் படம் மூன்று தலைமுறைப் பெண்களை இணைக்கிறது: ஜப்பானியப் படையினரின் பாலியல் அடிமைத்தனத்துக்கு ஆளாக்கப்பட்டோர், அமெரிக்கப் படைத்தளங்களை ஒட்டிய ஊர்களில் சுரண்டப்பட்டோர், மேலைநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டோர்.

அவர் பிறந்த தீவுக்கும் ஆறாத வடு உண்டு. 1948 ஏப்ரல் 3இல் ஜேஜுவில் வெடித்த கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது 25,000 முதல் 30,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதனைப் பேசுவதே பல்லாண்டுகள் குற்றமாயிருந்தது. 2003இல்தான் நாட்டின் அதிபர் மன்னிப்புக் கோரினார்.

இவ்விரு துயரங்களும் சந்திக்கும் இடமே, 2019இல் வெனிஸ் கலைவிழாவின் கொரிய அரங்கில் இடம்பெற்ற 'பிரிவின் சமூகம்' என்னும் படைப்பு. ஜேஜு படுகொலையில் உயிர்தப்பிய பெண் சாமியாடி ஒருவரின் சடங்கு அதில் இடம்பெறுகிறது. பாரியின் கதையைப் பெற்றோர்பால் மகள் காட்டிய கடமையுணர்வுக்குச் சான்றாகக் கூறுவதே மரபு. கைசனோ, பெண்ணாய்ப் பிறந்ததற்காகத் துரத்தப்பட்டவள் அரசுரிமையை மறுத்து, எல்லைகளுக்கு இடையே நிற்பதைத் தானே தேர்ந்த கதையாக அதனைக் காண்கிறார். நாட்டைப் பிரித்த கோட்டையும் கடல்கடந்து பிரிந்தோரையும் அவ்விடத்திலிருந்தே நோக்குகிறார்.

அயல்நாடுகளில் வளர்ந்தோர் தம் ஆவணங்களின் உண்மையைக் கேட்டுத் தொடர்ந்து முறையிட்டனர். அவற்றை விசாரித்த தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், தத்தெடுப்பில் பொய்ப்பதிவுகளும் மனித உரிமை மீறல்களும் நிகழ்ந்தன என 2025 மார்ச் மாதத்தில் அறிவித்தது.