மனச்சிதைவு நோயில் மருந்தும் சிந்தனைத் திறனும்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றதும் காதில் ஒலிக்கும் குரல்களும் ஆதாரமற்ற சந்தேகங்களுமே பலருக்கு நினைவுக்கு வரும். கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன், சிந்திக்கும் வேகம் ஆகியவை குறைவதும் இந்நோயின் ஒரு பகுதியே. படிப்பைத் தொடரவும் வேலையில் நிலைக்கவும் பெரும் தடையாக இருப்பது இக்குறைவுதான்.

மருந்துதான் மூளையை மந்தமாக்குகிறது என்று குடும்பத்தினர் சிலர் கருதுவதுண்டு. இது முழு உண்மையன்று. இந்நோய்க்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952-இல் பாரிசு நகரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செருமானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின், 'இளவயது அறிவுத்தேய்வு' என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் இந்நோயைக் குறிப்பிட்டார். அதாவது, மருந்தே இல்லாத காலத்திலும் இக்குறைவு இருந்தது.

இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை மூளையிலுள்ள டோபமைன் டி2 ஏற்பிகளைத் தடுக்கின்றன. ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பிகள் தடுக்கப்படும்போது குரல்கள் தணியத் தொடங்கும். கவனமும் ஓரளவு தெளியும். 80 விழுக்காட்டைத் தாண்டினால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரக்கூடும், சிந்தனையும் மந்தமாகலாம்.

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற புதிய மருந்துகள் சிந்தனையைக் கூர்மையாக்கும் என 1990-களில் பெரிதும் நம்பப்பட்டது. ஆனால் தொடக்ககால ஆய்வுகள் பலவற்றில், ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட பழைய மருந்தான ஹாலோபெரிடோலின் அளவு மிக அதிகம். அமெரிக்காவில் நடந்த 'கேட்டி' ஆய்வின் 2007-ஆம் ஆண்டு முடிவுகளில், பழைய மருந்தான பெர்பெனசின் புதியவற்றுக்குச் சளைக்கவில்லை. எல்லாக் குழுக்களிலும் முன்னேற்றம் சிறிதளவே. ஒரே தேர்வை மறுபடி எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கூடும். அந்தச் சிறு முன்னேற்றத்தில் இதன் பங்கும் இருக்கலாம்.

மறதி பற்றிய புகாரில் நியாயம் இருக்கும் இடம் வேறொன்று. கைநடுக்கத்தைக் குறைக்கச் சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை, அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கிறது. புதிய செய்திகளை நினைவில் பதிக்க அப்பொருள் தேவை. தொடக்கத்தில் எழுதப்பட்ட இம்மாத்திரை, நடுக்கம் நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதுண்டு. அது இன்னும் தேவையா, முதன்மை மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். முதன்மை மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. அப்போது படிப்பும் வேலையும் மீண்டும் தடைபடும்.