மூன்றரை அங்குலத் தகட்டில் மாமாவின் கடிதங்கள்

சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் எமது புத்தக அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, பழைய வினாத்தாட் கட்டுகளுக்கு அடியிலே பிஸ்கற் டின் ஒன்று அகப்பட்டது. திறந்து பார்த்தோம். அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் சில, மூடி தொலைந்த பேனா ஒன்று, இவற்றோடு நீல நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றும் கிடந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் 'மாமா – 1998 முதல்' என்று எமது கையெழுத்தே இருந்தது. அன்று அலுமாரி துப்புரவாகவில்லை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

மாணவர்களாகிய இளம் வாசகர்களிற் பலர் இத்தகைய தகட்டைக் கையால் தொட்டிருக்கமாட்டார்கள். பிளொப்பி என்று நாம் வழங்கிய இம் மூன்றரை அங்குலத் தகடு 1.44 மெகாபைட் அளவான செய்தியைத் தாங்கவல்லது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட இதனுள் அடக்குவது அரிது. ஆனால் கடிதங்கள் என்றால் ஐம்பதேனும் அடங்கும். அக்காலத்தில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டவை பெரும்பாலும் கடிதங்களே.

மாமா எமது அன்னையாரின் ஒரே தம்பி. கச்சேரியிலே தமிழ்த் தட்டெழுத்தாளராகக் கடமையாற்றியவர், 1983ஆம் ஆண்டின் பின் லண்டன் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் அவரிடமிருந்து வந்த ஏரோகிராம் ஒன்றை அம்மா அடுப்படியில் இருந்து உரத்து வாசித்தது நினைவில் இருக்கிறது. எமக்கு அப்போது ஆறு வயது. வாசித்து முடித்த அம்மா, "தம்பி ரெலிவிசனுக்கு எழுத்துப் படிப்பிக்கிறானாம்" என்று அம்மம்மாவிடம் கூறினார். அம்மம்மா அதை நம்பினாரோ இல்லையோ, நாம் நம்பிவிட்டோம்.

மாமா வாங்கியிருந்தது பழைய சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் ஒன்று. பின்னாளில் 'சேர்' பட்டம் பெற்ற கிளைவ் சின்கிளேயர் என்பார் 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்திலே வெளியிட்ட வீட்டுக் கணினி அது. 16 கிலோபைட் நினைவகம் உடையது 125 பவுண் என்றும், 48 கிலோபைட் உடையது 175 பவுண் என்றும் விலை குறித்தனர். பருமனில் ஒரு தடித்த கொப்பி அளவுதான் இருக்கும். விசைகள் ரப்பரால் ஆனவை. அதற்கெனத் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. செய்தியைச் சேமிக்கத் தனிக் கருவியும் கிடையாது. பாட்டுக் கேட்கும் கசெற் ரெக்கோடரே களஞ்சியம்.

'ஜே' விசையை ஒரு முறை அழுத்தினால் 'லோட்' என்னும் கட்டளை முழுதாகத் திரையில் விழும். கசெற் ஓடத் தொடங்கியதும் காதைத் துளைக்கும் ஓலம் ஒன்று எழும். திரையின் ஓரங்களிலே முதலிற் சிவப்பும் வெளிர்நீலமும், பின்னர் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் விரையும். 48 கிலோபைட்டும் நிரம்புவதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் செல்லும். நாலாவது நிமிடத்திலே நாடா சிறிது பிசகிற்றாயின் பிழை என்று ஒரு வரி காட்டி இயந்திரம் நின்றுவிடும். நாடாவைப் பின்னே சுற்றி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். இதற்காக இன்று ஏங்குவோரும் உளர் என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் 2024ஆம் ஆண்டிலே அதே உருவில், அதே ரப்பர் விசைகளோடு, அக்கணினியைப் புதிதாகச் செய்து இங்கிலாந்தில் விற்கத் தொடங்கினார்கள் என்பது மெய்.

ஏங்குவது தாமதத்துக்காகவன்று. அந்த இயந்திரத்தை இயக்கியவுடன் படங்களும் விளம்பரங்களும் வந்து மொய்ப்பதில்லை. வெறுந்திரையின் அடியில் உரிமைக் குறிப்பு ஒரு வரி, அவ்வளவே. யாதேனும் நடக்கவேண்டுமாயின் உடையவன் கட்டளையிடவேண்டும். 10ஆம் வரியிலே உன் பெயரை அச்சிடு என்றும், 20ஆம் வரியிலே மீண்டும் 10ஆம் வரிக்குப் போ என்றும் இரண்டே வரி எழுதிவிட்டால், திரை நிறைய நம் பெயர் ஓடும். கடையில் வாங்கிய பொருளொன்று நாம் சொன்னதைச் செய்கிறது என்ற வியப்பு அன்றே பல சிறுவரைப் பற்றிக்கொண்டது. சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாக அச்சிட்ட நிரல்களை இரவிரவாகத் தட்டி, ஒரு காற்புள்ளி தவறியதால் ஒன்றும் இயங்காமற்போக, அக் காற்புள்ளியைத் தேடி அலைந்தே கணினியியல் கற்றோர் அநேகர். பின்வந்த தலைமுறையில் இப்பயிற்சி அருகிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கணினியியல் பயில விண்ணப்பித்தோரிடம் இக்குறையைக் கண்ட எபன் அப்டன் என்பாரும் அவர் தோழரும் 2012இல் ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியை வெளியிட்டது இதன்பொருட்டே. வகுப்பறையில் நிற்பவர் என்ற முறையில் நாமும் அவர்கள் பக்கம்தான்.

நம் நாட்டுக்கு இவையெல்லாம் வெகு பிந்தியே வந்தன என்று எண்ணுதலும் பிழை. கொழும்பிலே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த '2010: ஒடிசி இரண்டு' என்னும் நாவலை ஆர்க்கைவ்ஸ் என்னும் சிறு கணினியில் எழுதினார். முழு நாவலையும் ஐந்தங்குலத் தகடு ஒன்றில் அடக்கி நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கைச் செய்மதி நிலையத்தின் ஊடாகச் சென்றன. மறு வருஷம் அந்நாவலைத் திரைப்படமாக்க முனைந்த பீற்றர் ஹயம்ஸ் என்பாரோடு, கடல் கடந்து கணினி வழியாகவே நாள்தோறும் கடிதம் பரிமாறிக்கொண்டார். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லைத் தமிழிலே நாம் கேட்பதற்கு வெகு காலம் முன்னரே, மின்னஞ்சல் நம் தலைநகரிலிருந்து புறப்பட்டுவிட்டது!

யாழ்ப்பாணத்துச் சிறுவர்களாகிய எமது கதை வேறு. 1990 தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை எம்முடையது. கணினி என்பதா, கணனி என்பதா சரியான தமிழ் என்று வாதாடிய ஆசிரியர் ஒருவர் எமக்கு இருந்தார். அவரும் அப்பொருளைக் கண்ணாற் கண்டதில்லை.

1998ஆம் ஆண்டு பட்டப்படிப்பின் பொருட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கினோம். அக்காலத்தில் காலி வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் 'கொமியூனிகேசன்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் மலிந்திருந்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசவேண்டித் தாய்மார் அங்கே வரிசையில் அமர்ந்திருப்பர். அத்தகைய கடையொன்றின் மூலையிலே இருந்த கணினிதான் நாம் முதன்முதல் தொட்ட கணினி. இணையத்தோடு தொடுப்பதற்கு மோடம் என்னும் பெட்டி தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றும். பின்னர் கீச்சும் கரகரப்புமாக நெடுநேரம் ஓலமிடும். தொடுப்புக் கிடைத்தாலும், நிழற்படம் ஒன்று மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் இறங்கும். எமது அருகில் காத்திருந்த ஓர் ஆச்சி, "தம்பி, லைனை விடுறியளோ? மோள் வேலைக்குப் போகமுன்னம் கதைக்கவேணும்" என்று கேட்டதும், பாதி இறங்கிய படத்தை விட்டெழுந்ததும் பல நாள் நடந்தவை.

இணையத்திலே தமிழைக் காண்பதே அன்று ஒரு விழா. 1995இல் சிங்கப்பூரிலே நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, தமிழுக்கும் அதில் இடம் கிடைக்க உழைத்தவர் அந்நாட்டு எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1998 தைப்பொங்கலன்று சுவிட்சர்லாந்திலே வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் தொடக்கிவைத்த மதுரைத் திட்டத்திலே, பல தேசங்களில் இருந்த அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைக் கூலியின்றித் தட்டெழுதி ஏற்றினர். வேலை முடிந்து வீடு சென்று, உண்டு, பிள்ளைகளைத் துயிலவைத்து, அதன்பின் அமர்ந்து செய்த பணி அது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மாமாவும் லண்டனிலே புதிய கணினி ஒன்று வாங்கிப் 'பாமினி' என்னும் எழுத்துருவைப் பூட்டிக்கொண்டார். அதன் விசை அமைப்புத் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியைத் தழுவியது. ஆதலால் கச்சேரியில் பழகிய விரல்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. கடிதத்தை எழுதி மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புவார். நாம் அதைக் கடையில் அச்சிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குத் தபாலில் சேர்ப்போம். ஒரு பிரதியைத் தகட்டிலும் பதிவோம். லண்டனிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு நிமிடத்தில் வந்த கடிதம், வெள்ளவத்தையிலிருந்து தென்மராட்சிக்குப் போய்ச்சேர வாரங்கள் செல்லும்.

2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் நடந்த யுத்தத்திலே எமது வீடு அழிந்தது. அம்மா ஒரு பையுடன் வெளியேறினார். அச்சிட்ட கடிதங்களும் பழைய ஏரோகிராம்களும் அந்தப் பையில் இல்லை. மாமா 2004இல் லண்டனிலே காலமானார். ஆகவே அவர் எழுத்தில் எஞ்சியது இந்த நீலத் தகடு ஒன்றே.

தகட்டை வாசிக்கும் துவாரம் இன்று எந்தக் கணினியிலும் இல்லை. கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் எமது பழைய மாணவர் ஒருவரிடம், வெளியே இணைக்கும் பிளொப்பி வாசிப்பான் இருந்தது. அவர் தகட்டின் சிறு கதவை விலக்கிப் பார்த்து, "சேர், பூஞ்சணம் பிடிச்சிருக்கு" என்றார். மதுசாரத்தால் மெல்லத் துடைத்து வாசிப்பானில் இட்டார். பதினான்கு கோப்புகளின் பெயர்கள் திரையில் வந்தன. பதினொன்று திறந்தன, மூன்று திறக்கவில்லை.

திறந்தவற்றிலும் தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் எறும்புக் கூட்டம் போல ஊர்ந்தன. காரணம் இதுதான்: அக்காலக் கணினி ஆங்கில எழுத்துகளை மாத்திரமே அறியும். எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தனர். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கணினி உள்ளே பதிந்துகொள்வது ஜே, கே, பீ, ஓ என்னும் எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். இன்னும் மோசம், ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு விதமாக இடம் பங்கிட்டது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்கமுடியாது. 1999இல் சென்னையில் மகாநாடு கூடி இதற்கு ஓர் ஒழுங்கு காண முயன்றனர். இன்றுள்ள யூனிகோட் முறையிலே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. 'அ' என்பதற்கு 2949. இம்முறை வீட்டுக் கணினிகளில் வேரூன்றுமுன் எழுதிய எத்தனையோ கடிதங்களும் கதைகளும் சங்க அறிக்கைகளும் இப்படித்தான் எறும்புகளாகக் கிடக்கின்றன. பலர் குப்பையென்று எண்ணி அழித்தும் விட்டனர். இணையத்திலே இலவசமாக வீட்டுப் பக்கங்கள் அமைக்க இடம் தந்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டபோதும், ஆர்வலர்கள் படியெடுத்துக் காத்தவை தவிர ஏனையவை மறைந்தன.

மாணவர் பாமினியைத் தேடிப் பூட்டினார். எறும்புகள் தமிழாயின.

அன்று மாலை அம்மாவை அருகில் இருத்தி வாசித்தோம். அவருக்கு வயது எண்பதை அண்மிக்கிறது. பார்வை மங்கல், காது நல்ல கூர்மை. 1999இல் அம்மம்மா காலமான செய்தி அறிந்து மாமா எழுதிய கடிதத்தைத்தான் முதலிற் கேட்டார். அதில் மாமா அழுததாக எழுதவில்லை. தாம் அன்றிரவு உறங்காமல், கட்டிலின் கீழிருந்த பழைய ஸ்பெக்ட்ரத்தை எடுத்துத் தொலைக்காட்சியோடு பூட்டியதாகவும், 1984இல் அம்மம்மாவின் பெயரை ஓடவிட்டுப் பதிந்த கசெற்றை இட்டுப் பார்த்ததாகவும், மூன்று முறை பிழை காட்டி நாலாம் முறை ஏறியதாகவும், விடியும் வரை அப்பெயர் திரையில் ஓடியதாகவும் எழுதியிருந்தார். ஸ்பெக்ட்ரத்தில் தமிழ் இல்லையாதலால் பெயர் ஆங்கிலத்தில் ஓடியதாம். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதே என்று ஒரு வரி.

அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்திரட்டிக்கு வாறன் எண்டு எழுதினவனே, அதை ஏன் வாசிக்கேல்லை?" என்றார்.

அத்தகைய வரி அக்கடிதத்தில் இல்லை. ஏனைய பத்திலும் தேடினோம், இல்லை. அச்சிட்டு அனுப்பியவர் நாமே, ஆயினும் எமக்கும் நினைவில்லை. அம்மா விடவில்லை.

"எனக்கு நல்ல ஞாபகம். திறக்காத மூண்டிலை ஒண்டிலை இருக்கும். அந்தப் பெடியனை வடிவாய்ப் பார்க்கச் சொல்லு."

மாணவர் கொழும்பிலிருந்து வேறொரு வாசிப்பான் தருவிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தகடு அவர் கடையில், வெயில் படாத ஒரு லாச்சியில் இருக்கிறது.