வெளிச்சுவருக்குப் பெயின்ட் அவசியமா?

பெருநாள் நெருங்கினால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சும் எழும். சகோதரியே, காசை எடுக்குமுன் வெளிச்சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குக் கடற்காற்றோடு உப்பும் வருகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி மழை வேறு. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடிக்கும் பெயின்ட் பொருமி உரிந்துவிடும்.

நல்ல சீமெந்துப் பூச்சுக்குப் பெயின்ட் கட்டாயமல்ல. முதலில் பீலி ஒழுக்கை நிறுத்துங்கள், வெடிப்புகளை அடையுங்கள், உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தும்பினால் தேய்த்தெடுங்கள். புதுப் பூச்சானால் 28 நாட்களாவது பொறுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. அது ஈரத்தை வெளியேற விடும்.

பெருநாள் மாரியில் வந்தால் பெயின்ட் காத்திருக்கட்டும். துப்புரவான சுவரும் அழகுதான்.